கராச்சித் தீர்மானமும் சுபேதார் பாயின் கேள்வியும்

எங்கள் மத்ரஸாவில் சிறு வயதில் ஓதிய பிள்ளை ஒருவர், இப்போது பி.காம். முடித்தவர், சென்ற ஆண்டு ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்ததும் என்னிடம் வந்து நின்றார். இராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்கு விண்ணப்பித்திருப்பதாகவும் வீட்டில் பாட்டியார் அதை எதிர்ப்பதாகவும் சொல்லிவிட்டு, "ஹஜ்ரத், பட்டாளத்துல சேர்றது மார்க்கத்துல கூடுமா?" என்று கேட்டார்.

இக்கேள்விக்கு என்னிடம் ஆயத்தமான விடை ஒன்று உண்டு. 1921ஆம் ஆண்டு கராச்சியில் கூடிய கிலாஃபத் மாநாடு, ஆங்கிலேயரின் படையில் முஸ்லிம்கள் பணியாற்றுவது ஹராம் என்று தீர்மானித்தது. அத்தீர்மானத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அக்காரணம் இன்று இல்லை. ஆகவே அச்சட்டம் இன்றைய நம் நாட்டுப் படைக்குப் பொருந்தாது. வகுப்பில் பல ஆண்டுகளாக நான் நடத்திவரும் பாடம் இது. அன்றும் அதையே சற்று உணர்ச்சியோடு எடுத்துரைத்தேன். நீதிமன்றத்தில் மௌலானாக்கள் அஞ்சாது நின்ற காட்சியை வர்ணிக்கும்போது என் குரல் சற்று உயர்ந்திருக்கவும் கூடும்.

தூணருகே நாற்காலியில் அமர்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்த சுபேதார் பாய் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். இருபத்தெட்டு ஆண்டுகள் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கத்து ஊர்களில் இப்படி வீதிக்கு ஒருவராவது இருப்பார். அவர் மெதுவாக, "ஹஜ்ரத், அந்த மாநாட்டுல சிப்பாய்ங்க யாராச்சும் பேசினாங்களா?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. இத்தனை ஆண்டுகளில் ஒரு மாணவரும் அதைக் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. அன்று தொடங்கிய வாசிப்பில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

கராச்சி மாநாடு 1921 ஜூலை 8 முதல் 10 வரை நடைபெற்றது. (வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் தாடிக்கும் தலைப்பாகைக்கும் வந்த தடையை எதிர்த்து எழுந்ததும் ஒரு ஜூலை 10தான், அது 1806இல். இந்த ஒற்றுமையை நானே இப்போதுதான் கவனித்தேன்.) தலைமை வகித்தவர் மௌலானா முஹம்மது அலீ ஜவ்ஹர். அலீகரில் பயின்று, ஆக்ஸ்ஃபோர்டின் லிங்கன் கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவர். ‘காம்ரேட்’ என்ற ஆங்கில இதழை நடத்தியவர். அவருடைய அண்ணன் ஷவ்கத் அலீயும் அலீகர் மாணவரே; கல்லூரிக் கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்து, பின்னர் அரசின் அபின் துறையில் பல ஆண்டுகள் அதிகாரியாக இருந்தவர். டாக்டர் ஸைஃபுத்தீன் கிச்லூ கேம்பிரிட்ஜிலும் ஜெர்மனியிலும் படித்த வழக்கறிஞர். 1919இல் அவரையும் டாக்டர் சத்யபாலையும் கைது செய்து வெளியேற்றியதைத் தொடர்ந்தே அமிர்தசரஸ் கொந்தளித்தது. இவர்கள் பட்டதாரிகள்.

மறுபுறம் உலமாக்கள். தீர்மானத்தை முன்மொழிந்தவர் மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனீ (ரஹ்). மதீனாவின் நபவீ பள்ளியில் ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தியவர். தம் ஆசிரியர் ஷைகுல் ஹிந்த் மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) அவர்களோடு மால்டா தீவில் சிறையிருந்து 1920இல் விடுதலையானவர். ஆங்கிலேய அரசோடு ஒத்துழைப்பது கூடாது என்று ஏறத்தாழ ஐந்நூறு உலமாக்கள் கையொப்பமிட்ட ஃபத்வாவை ஜம்இய்யத்துல் உலமா முன்னரே வெளியிட்டிருந்தது. அரசு அதைப் பறிமுதல் செய்தது. கராச்சித் தீர்மானம் அந்த ஃபத்வாவின் ஒரு பகுதியை இன்னும் கூர்மையாகச் சொன்னது: ஆங்கிலேயப் படையில் தொடர்வதும் புதிதாகச் சேர்வதும் பிறரைச் சேர்ப்பதும் ஹராம்.

சட்டக் காரணம் தெளிவானது. அந்நிஸா அத்தியாயத்தின் 92, 93ஆம் வசனங்கள் ஓர் இறைநம்பிக்கையாளரைக் கொல்வதன் கொடுமையைப் பேசுகின்றன. 1914க்கும் 1918க்கும் இடையில் நம் நாட்டு முஸ்லிம் சிப்பாய் பஸ்ராவிலும் பக்தாதிலும் பாலஸ்தீனத்திலும் எதிரே நின்ற உஸ்மானியச் சிப்பாயைச் சுட்டான்; அவனும் தொழுபவன். 1921இலோ அங்காராவில் முஸ்தஃபா கமாலின் அரசுக்கு எதிராக மீண்டும் அதே படை அனுப்பப்படலாம் என்ற அச்சம் இருந்தது. ஆகவே இத்தீர்மானத்தை வெறும் அரசியல் முழக்கம் என்று எவரும் ஒதுக்க இயலாது. உஸூலுல் ஃபிக்ஹ் படித்த எந்த மாணவரும் அதன் இல்லத் எது, ஹுக்ம் எது என்று பிரித்துக் காட்டிவிடுவார். சுபேதார் பாயின் கேள்வி அங்கே இல்லை. அச்சட்டத்தின் சுமை யார் தோளில் விழுந்தது என்பதே அவர் கேள்வி.

அக்காலத்துச் சிப்பாய் யார்? முதல் உலகப் போரில் அதிக ஆட்களைத் தந்த மாகாணம் பஞ்சாப். ஜீலம், ராவல்பிண்டி, அட்டக், ஷாஹ்பூர் மாவட்டங்களின் வானம் பார்த்த பூமியில் இருந்து பஞ்சாபி முஸ்லிம்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போர்க்காலத்தில் சேர்ந்தனர். சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். அதற்கு மேல் ஓய்வூதியம். அதற்கும் மேல், நற்பணி செய்தவருக்குக் கால்வாய்க் குடியேற்றங்களில் நிலம். ஒரு முரப்பா என்பது ஏறத்தாழ 25 ஏக்கர், அதுவும் நீர்ப்பாய்ச்சலோடு. மழையை நம்பி வாழ்ந்த குடும்பத்துக்கு அது எத்தகைய மாற்றம் என்பதைப் பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டு வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தில் தனியொருவராக இயந்திரத் துப்பாக்கியை இயக்கி நின்று, இந்தியப் படையினரில் முதன்முதலாக விக்டோரியா சிலுவை பெற்ற குதாதாத் கானும் அந்தப் பகுதிக்காரர்தாம். கடைசி இரண்டு ஆண்டுகளில் ஊருக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்து ஆள் பிடித்ததும் நடந்தது. எல்லோரும் விரும்பிச் சேர்ந்தவர்கள் அல்லர்.

அச்சிப்பாய்கள் பிரான்சிலிருந்து ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்து வைத்தனர். அந்தப் படிகள் இன்றும் லண்டனில் உள்ளன. உப்பிட்டவனுக்குத் துரோகம் கூடாது என்ற எண்ணமும், பிராதரியில் தலைகுனிவு வரக்கூடாது என்ற கவலையும் அவற்றில் மிகுதி. தணிக்கையை ஏமாற்ற, கருமிளகு தீர்ந்துவருகிறது, இனி அனுப்ப வேண்டாம் என்று மளிகைக் கணக்கு போல எழுதியவர்களும் இருந்தனர். கருமிளகு என்றால் நம்மவர். தம்பியைப் பட்டாளத்துக்கு அனுப்பாதே என்பதே பொருள். அரசியல் மேடையில் ஒரு சொல்லும் பேசியிராத மனிதர்களின் அரசியல் கருத்து இப்படி மிளகுக்குள் ஒளிந்து கிடந்தது.

என்னை மிகவும் நிறுத்திவைத்த செய்தி வேறு. சிப்பாய்களில் ஒரு சாரார் இக்கேள்விக்குக் கராச்சி மாநாட்டுக்குப் பல ஆண்டுகள் முன்பே தம் உடலால் விடை சொல்லியிருந்தனர். 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் ஐந்தாம் லைட் இன்ஃபன்ட்ரி எழுந்தது. அது முழுவதும் முஸ்லிம்களைக் கொண்ட படைப்பிரிவு. அவர்களை ஹாங்காங்குக்கு அனுப்பவே உத்தரவு இருந்தது. துருக்கியரோடு போரிட அனுப்புகிறார்கள் என்ற வதந்தி முகாமில் பரவிற்று. வதந்தி பொய்தான், அதற்குப் பின்னிருந்த அச்சம் பொய்யன்று. பதவி உயர்வுப் பூசல்களும் அதிகாரிகளிடையே இருந்த பிளவும் சேர்ந்துகொண்டன. அதிகாரிகளோடு, தொடர்பே இல்லாத பொதுமக்களும் அந்நாளில் கொல்லப்பட்டனர். அதை மறைத்து இந்நிகழ்ச்சியைப் புகழ்ந்துவிட முடியாது. பிறகு சிறைச்சாலைச் சுவரின் வெளிப்புறத்தில், பெருங்கூட்டம் பார்த்திருக்க, நாற்பதுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றார்கள்.

மறு ஆண்டு, 1916 பிப்ரவரியில், பஸ்ராவில் பதினைந்தாம் லான்ஸர்ஸ் குதிரைப்படையினர் நானூறுக்கும் மேற்பட்டோர் புனிதத் தலங்கள் இருக்கும் திசை நோக்கிப் போரிடச் செல்ல மறுத்தனர். அவர்கள் ஒரு தோட்டாவும் சுடவில்லை. வேறு எந்தப் போர்முனைக்கும் போகிறோம், இங்கே மட்டும் வேண்டாம் என்றே சொன்னார்கள். இராணுவ நீதிமன்றம் அவர்களுக்கு நாடுகடத்தல் தண்டனை விதித்தது. அவர்களுக்காக எந்த மாநாடும் கூடவில்லை. எந்த ஃபத்வாவும் அவர்கள் கையில் இல்லை. முஹம்மது அலீ அப்போது காவலில் இருந்தார். ஷைகுல் ஹிந்த் ஹிஜாஸில் இருந்தார். அவர்களைக் குறை சொல்வது நேர்மையன்று. ஆயினும், படிப்பறியாக் குதிரைவீரர்கள் தம் மனசாட்சியை மட்டும் கொண்டு எட்டிய முடிவைத்தான் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பட்டதாரிகளும் உலமாக்களும் தீர்மானமாக எழுதினார்கள் என்பதை என் வகுப்பில் நான் ஒருபோதும் சொன்னதில்லை.

பட்டதாரிகளின் மனமாற்றத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அலீகர் கல்லூரி தோன்றியதே அரசுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையிலிருந்த கசப்பை நீக்கி, பிள்ளைகளை அரசுப் பதவிகளுக்கு ஆயத்தம் செய்யத்தான். போர் தொடங்கியபோது அந்தத் தலைமுறையின் பெரும்பகுதி அரசோடு நின்றது. விலகி நின்றவர்கள் சிலரே. 1915 பிப்ரவரியில் லாகூர்க் கல்லூரி மாணவர்கள் பதினைந்து பேர் படிப்பை விட்டு எல்லை கடந்து காபூல் சென்றார்கள். உஸ்மானியர் பக்கம் சேர்வது அவர்கள் எண்ணம். மற்றவர்கள் ஆங்கிலேயரின் வாக்குறுதியை நம்பினர். 1918 ஜனவரி 5 அன்று பிரதமர் லாய்ட் ஜார்ஜ், துருக்கியரின் தலைநகரையும் அவர்களின் தாயகப் பகுதியையும் பறிப்பதற்காகப் போரிடவில்லை என்று அறிவித்தார். அந்த அறிவிப்பு இந்தியாவில் ஆள்சேர்ப்புக்கு உதவியது என்று 1920இல் அவரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் செவ்ர் உடன்படிக்கை வந்தது. உஸ்மானியப் பேரரசு துண்டாடப்பட்டது. வாக்குறுதியை நம்பி ஏமாந்த பட்டதாரிக்கு அது மானப் பிரச்சினை. அதே வாக்குறுதியை நம்பித் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்க்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எழுதிவைத்தவர் குறைவு.

1921 செப்டம்பர் 14 அன்று காந்தியாரோடு சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த முஹம்மது அலீயை வால்டேர் ரயில் நிலையத்தில் கைது செய்தார்கள். அவருடைய துணைவியார் அழுது திரும்பிவிடவில்லை, பயணத்தைத் தொடர்ந்தார். இந்த இடத்தில்தான் கராச்சி வரலாறு நம் மண்ணுக்குள் வருகிறது. எந்தப் பேச்சுக்காக மௌலானா கைதானாரோ, அதன் கருத்தைக் காந்தியார் திருச்சிராப்பள்ளிக் கூட்டத்தில் தாமே திருப்பிச் சொன்னார். அதே பயணத்தில், செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் மேலாடையைத் துறந்தார். தம் கண் முன்னே மௌலானா கைதானபோதே தொப்பியையும் சட்டையையும் விட்டுவிட எண்ணியதாகவும், அப்போது தம்மை அடக்கிக்கொண்டதாகவும் அவர் பின்னர் எழுதினார். மதுரை நிகழ்ச்சியை நம் பாடநூல்கள் சொல்கின்றன. வால்டேர் நிலையத்தைச் சொல்வதில்லை.

இதே காந்தியார் மூன்று ஆண்டுகளுக்கு முன், 1918இல், குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஆங்கிலேயப் படைக்கு ஆள் திரட்ட ஊர் ஊராக நடந்தவர். அந்த அனுபவம் காரணமா என்று தெரியாது. செப்டம்பர் இறுதியில் ‘யங் இந்தியா’வில் அவர் எழுதிய கட்டுரையில், மற்ற தலைவர்களின் உரைகளில் நான் காணாத ஒரு செய்தி இருக்கிறது. இந்த அரசுக்குச் சிப்பாயாகவோ குடிமை அலுவலராகவோ பணிபுரிவது பாவம் என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டு, அப்படியானால் சிப்பாய்கள் ஒவ்வொருவரையும் வெளியேறி வரும்படி ஏன் அழைக்கவில்லை என்ற கேள்விக்கும் விடை தருகிறார். மனமில்லாமல் இல்லை, வெளியேறுபவரைக் காப்பாற்ற வழியில்லை என்கிறார். காங்கிரஸின் உதவியோ கிலாஃபத் கமிட்டியின் உதவியோ இல்லாமல் தன் காலில் நிற்கக்கூடிய சிப்பாய் உடனே வெளியேறட்டும். மற்றவர்களுக்கு இராட்டையும் தறியும் பிழைப்பாக நிலைபெறும் வரை பொறுக்க வேண்டும். அடுத்த ஆண்டு அவரை ஆறாண்டுச் சிறைக்கு அனுப்பிய மூன்று கட்டுரைகளில் இதுவும் ஒன்று. சுபேதார் பாயின் கேள்விக்கு மிக அருகில் வந்த விடை எனக்கு இங்குதான் கிடைத்தது.

வழக்கு செப்டம்பர் 26 அன்று கராச்சியின் காலிக்தீனா மண்டபத்தில் தொடங்கிற்று. குற்றம் சாட்டப்பட்டவர்கள் எழுவர்: அலீ சகோதரர்கள், மதனீ, கிச்லூ, கான்பூரின் மௌலானா நிஸார் அஹ்மத், சிந்துவின் பீர் குலாம் முஜத்தித், ஏழாமவராக ஓர் இந்துத் துறவி. சாரதா பீடத்துச் சங்கராச்சாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர் அவர். திருநெல்வேலியில் தாசில்தாராக இருந்த ஒருவரின் மகன். துறவறத்துக்கு முன் வேங்கடராமன். இன்று ‘வேதக் கணிதம்’ நூலால் அறியப்படுபவர் அவரே. உலமாக்களோடு ஒரே கூண்டில் ஒரு தமிழகத்துத் துறவி நின்றதை என் மாணவர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். விக்டோரியா மகாராணியின் 1858 அறிக்கை மதத்தில் தலையிடுவதில்லை என்று உறுதி கூறியிருக்க, குர்ஆனின் சட்டத்தைச் சொன்னது எப்படிக் குற்றமாகும் என்று முஹம்மது அலீ நெடுநேரம் வாதிட்டார். நவம்பர் 1 அன்று தீர்ப்பு வந்தது. சங்கராச்சாரியார் விடுதலை, மற்ற அறுவருக்கும் இரண்டாண்டுக் கடுங்காவல்.

எழுவரில் ஒருவரும் சிப்பாய் அல்லர். பணியிலிருக்கும் சிப்பாய் அரசியல் மேடையேறினால் அவனுக்குக் காத்திருந்தது இராணுவ நீதிமன்றம். மௌலானாக்கள் சிறை சென்றபோது நாடு முழுவதும் கடையடைத்தார்கள். சிறையிலிருந்து வந்தபோது மாலையிட்டார்கள். பஸ்ராவின் குதிரைவீரர்களுக்கு மாலை இல்லை. இதைச் சொல்வதால் மதனீ (ரஹ்) அவர்களின் தியாகம் சிறுத்துவிடாது.

தீர்மானத்துக்குப் பின் படை கலைந்ததா? இல்லை. விலகியோர் கைவிரல்விட்டு எண்ணத்தக்கவரே. ஆங்கிலேயர் இதை எதிர்பார்த்தே காய் நகர்த்தியிருந்தனர். 1919 சீர்திருத்தத்தின்படி வாக்குரிமை மக்களில் மிகச் சிறு பகுதியினருக்கே கிடைத்தது. சொத்துத் தகுதி பாராமல் அது வழங்கப்பட்டவர்களில் படையிலிருந்து ஓய்வு பெற்றோரும் விடுவிக்கப்பட்டோரும் அடக்கம். பட்டதாரிகளுக்கோ பல்கலைக்கழகத் தொகுதி என்று தனியே ஒன்று. ஆக, ஊரில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லாத காலத்தில் பழைய சிப்பாய்க்கும் பட்டதாரிக்கும் வாக்கு இருந்தது. இருவரும் அதை ஒரே திசையில் பயன்படுத்தவில்லை. பட்டதாரிகளில் ஒரு சாரார் சட்டமன்றத்தையே புறக்கணித்தனர். 1920 அக்டோபரில் அலீகரை விட்டு வெளியேறி, ஷைகுல் ஹிந்த் கையால் ஜாமிஆ மில்லியாவைத் தொடங்கினர். ஓய்வு பெற்ற சிப்பாய்கள் நிறைந்த மேற்குப் பஞ்சாபோ, 1923இல் தோன்றிய யூனியனிஸ்ட் கட்சியின் கோட்டையாயிற்று. நிலமும் ஓய்வூதியமும் காக்கப்பட வேண்டும். அரசோடு மோதல் வேண்டாம். அக்கட்சியை நிறுவிய ஃபஸ்லே ஹுஸைனும் கேம்பிரிட்ஜ் பட்டதாரியே. ஆகவே படித்தவர் எதிர்த்தனர், படிக்காதவர் பணிந்தனர் என்று கோடு கிழிக்கவும் இடமில்லை.

நம் பக்கக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். போர்க்குடி என்ற கொள்கையால் சென்னை மாகாணத்தவரைப் படையில் சேர்ப்பது முன்பே வெகுவாகக் குறைந்திருந்தது. தமிழ் முஸ்லிம்களில் சிப்பாய்கள் மிகக் குறைவு. கராச்சித் தீர்மானத்தை நாம் கைதட்டி வரவேற்க அது வசதியாகவும் இருந்தது. நம் அடுப்பு அணையவில்லை. ஆனால் அதே போரில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளில் பதனிட்ட தோல் கப்பல் கப்பலாக இங்கிலாந்து சென்று படைவீரர்களின் பூட்ஸ் ஆயிற்று. 1916 முதல் அத்தோலை அரசே மொத்தமாக வாங்கிக்கொண்டது. சிப்பாயின் 11 ரூபாய் ஹராம் என்றால் பூட்ஸ் தோலின் விலை எவ்வகை? தீர்மானத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கிலாஃபத் நிதிக்கு அள்ளிக் கொடுத்தவர்களில் தோல் வணிகர்களும் இருந்தார்கள். அவர்களின் ஈகையை நான் ஐயுறவில்லை. கேள்வி கேட்கப்படாத இடத்தில் அவர்கள் இருந்தார்கள், கேட்கப்பட்ட இடத்தில் சிப்பாய் இருந்தான்.

1924 மார்ச் 3 அன்று அங்காராவின் சட்டமன்றமே கிலாஃபத்தை ஒழித்தது. எந்த அரசைத் தாக்கிவிடக் கூடாது என்று கராச்சியில் பதறினார்களோ, அதே அரசு.

சில வாரங்களுக்குப் பின் இவற்றையெல்லாம் சுபேதார் பாயிடம் சொன்னேன். காந்தியார் எழுதியதைக் கேட்டபோது தலையசைத்தார். பஸ்ராவில் மறுத்தவர்களுக்கு ஓய்வூதியம் கிடைத்ததா என்று மட்டும் கேட்டார். தண்டனைக் காலம் முடியுமுன்பே விடுவிக்கப்பட்டார்கள் என்பதைச் சொன்னேன், அதற்கு மேல் என் வாசிப்பில் அகப்படவில்லை. "அவங்க ஊட்டுல என்ன பேசியிருப்பாங்களோ" என்றார்.

பி.காம். பிள்ளை முகாமுக்குப் போய் ஓட்டத்தில் தேறிவிட்டார். பாட்டியாரிடம் என்னைப் பேசச் சொல்லி வந்தார். நான் சுபேதார் பாயையும் அழைத்துக்கொண்டு போனேன். அங்கே பெரும்பாலும் பேசியது அவர்தாம்.